ஏழாம் நம்பர் மெசின்

மாப்ள,

இன்று காலை கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் நாலு தட்டுத் தட்டினேன். பிஸ்கட் தூள் விழுந்தது, ஒரு ஸ்டேப்ளர் பின் விழுந்தது, கடைசியாக ஒரு துண்டுப் பஞ்சு விழுந்தது. காதுமடலில் செருகி வைத்திருப்பாயே, அந்த அத்தர் பஞ்சு. ஜும்மா தொழுதுவிட்டுக் கடைக்கு வந்ததும் அதை எடுத்து, கை சும்மா இருக்க மாட்டாமல் கீபோர்டின் இடுக்குகளைத் துடைப்பாய். "அத்தர்ல குளிச்ச கீபோர்டு இந்த பம்பாயிலயே நம்மகிட்டதாம்ல இருக்கு" என்று பெருமை வேறு. மூன்று வருடப் பஞ்சில் வாசனை மிஞ்சியிருக்குமா என்று கேட்காதே. மூக்கருகே கொண்டுபோனேன். எனக்கு இருந்தது.

கீபோர்டை எதற்காகத் தட்டினேன் என்று வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் சிரிக்காமல் கேள்.

உன் மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை பையன் நல்ல மாதிரி. தென்காசிப் பக்கத்து ஆட்கள், செம்பூரில் இருக்கிறார்கள். பத்திரிகையை ஆங்கிலத்தில் ஒன்று அச்சடித்தாகிவிட்டது. ஊரில் இருக்கிற பெரியவர்களுக்குத் தமிழில் வேண்டும். உன் மச்சினன் இன்று மாலை வண்டியில் தாதரிலிருந்து கிளம்புகிறார். கடையநல்லூரில் வீடு வீடாகப் போய் அவர்தான் கொடுக்க வேண்டும். எழுதிய வாசகத்தை உன் வீட்டுத் தங்கச்சி நேற்றுதான் கொடுத்தனுப்பினாள். காலையில் நான் டைப் அடித்து, மதியத்துக்குள் அச்சகத்தில் கொடுத்து, சாயங்காலம் கட்டாக வாங்கிக் கையில் தர வேண்டும். வேறு கடையில் கொடுத்தாலும் வேலை முடியும். ஆனால் உன் மகள் ஒரே பிடியாக நின்றாள். "வாப்பா கடையிலதான் அடிக்கணும் மாமா. நீங்கதான் அடிக்கணும்."

இப்படிப்பட்ட வாரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்கிரேடு போட்டேன்.

ஆமாம். "வேலை இருக்குத வாரத்துல மெசின்ல கை வைக்காதல" என்று நீ சொல்லாத மாதம் கிடையாது. நம் லினக்ஸ் ஆறு மாதமாகப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்கிறாயா என்று தினமும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் 'பிறகு' என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். நேற்று என்ன கிறுக்கோ, கல்யாண வேலை தொடங்குகிறது, மெசின் புதுசாக இருக்கட்டும், வெள்ளையடிப்பது மாதிரி என்று நினைத்து 'சரி' என்பதை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் எல்லாம் முடிந்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரை பளிச்சென்று நின்றது. அழகாகத்தான் இருந்தது. அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பாஸ்வேர்டைப் போட்டேன். திரை கறுத்தது. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் மறுபடியும் அதே திரை, அதே கேள்வி. மறுபடி போட்டேன். கறுத்தது, வந்தது. பாஸ்வேர்டு தப்பு என்று திட்டினாலாவது மனசு ஆறும். திட்டவும் இல்லை. வாசல் வரை வரவேற்று, உள்ளே கால் வைத்ததும் கழுத்தைப் பிடித்து வெளியே விட்டது. ஏதோ ஒரு கீ அமுங்கியபடி சிக்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டித்தான் கீபோர்டைக் கவிழ்த்தேன். பஞ்சு விழுந்தது. பஞ்சைப் பார்த்ததும் உன் மகளுக்குப் போன் போட்டேன்.

கோபர்கைரனேயிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். லீவு போட்டிருக்கிறாள். அவளுக்கு ஆபீஸில் சாஃப்ட்வேரைச் சோதிக்கிற வேலை, உனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்று சந்து முழுக்க லட்டு கொடுத்தவன்தானே நீ. வந்ததும் அவள் மெசினைத் தொடவே இல்லை. தன் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள். தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டை அதில் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். "மொதல்ல பத்திரிகைய அடிச்சிருங்க மாமா, இத பின்னாடி பாக்கலாம். டென்ஷன் நக்கோ, பதறாதீங்க" என்றாள். அவள் சொன்னது முற்றிலும் நியாயம்.

நானும் உட்கார்ந்து விரலைப் பரப்பித் தலைப்பை அடித்தேன். நிக்காஹ் அழைப்பிதழ். நிமிர்ந்து பார்த்தால் ழ வர வேண்டிய இரண்டு இடத்திலும் ற நின்றது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே. லேப்டாப் சரியில்லை என்று சொல்லி அவள் பக்கம் தள்ளிவிட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னேன், மாப்ள. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அந்த ழ-வும் ற-வும் எங்கிருந்து வந்தன என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், சொல்ல ஆசையாக இருக்கிறது. மாட்டுங்காவில் மாடியில் இருந்த அந்தத் தட்டச்சு நிலையம். ஆபீஸ் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல மெசின். தாராவியிலிருந்து நடந்து வருகிற நம் இரண்டு பேருக்கும் ஏழாம் நம்பர். காலை ஆறரைக்கு நீ, ஏழரைக்கு நான். மெக்கானிக் யாரோ பழுது பார்த்தபோது இரண்டு எழுத்துக் கம்பியை மாற்றிப் பற்றவைத்துவிட்டிருந்தார். இடது மோதிர விரலுக்கு மேலே இருக்க வேண்டிய ற வலது பக்கம் போயிற்று, வலது பக்கத்து ழ இடது பக்கம் வந்தது. கீ மேலே எழுத்தெல்லாம் தேய்ந்துபோன மெசின், அதில் தப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. தாளில் சரியாக விழுந்ததே. பரீட்சையில் வேறு மெசினைக் கொடுத்தார்கள், இரண்டு பேரும் ஒரே மாதிரித் தோற்றோம். காப்பியடித்திருக்கிறோம் என்று சந்தேகப்பட்டு மேற்பார்வைக்கு வந்தவர் நம்மைத் தனித்தனியாக விசாரித்தது நினைவிருக்கிறதா? அன்று படியிறங்கும்போது உன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில்தான் நாம் சிநேகிதர்களானோம்.

நீ ஒரு மாதத்தில் விரலைத் திருத்திக்கொண்டாய். எனக்குத் திருந்தவே இல்லை. கடை போட்டு, கம்ப்யூட்டர் வாங்கி, வைரஸ் வந்து எல்லாக் கோப்பையும் தின்று, நீ கோபத்தில் லினக்ஸ் ஏற்றி, கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுகிற புது முறைக்குக்கூட நான் பழகிவிட்டேன். இந்த இரண்டு விரல் மட்டும் அடம். அடித்து முடித்து, ழ-வையும் ற-வையும் மட்டும் தேடித் தேடி மாற்றுவதே எனக்குத் தனி வேலையாக இருந்தது.

அப்புறம் அந்தச் செருப்புக்கடை அண்ணாச்சி வீட்டுப் பத்திரிகை. தலைப்பில் ஒன்றை மாற்ற விட்டுப்போய், 'அறைப்பிதழ்' என்றே அச்சாகிவிட்டது. கல்யாணத்துக்கு வந்தால் அறை விழுமா என்று அண்ணாச்சி கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. நாம் இரண்டு பேரும் மூன்று நாள் உட்கார்ந்து இருநூறு பத்திரிகையிலும் பிளேடால் சுரண்டி மையால் திருத்தினோம். நாலாம் நாள் நான் கடைச் சாவியை உன் மேசையில் வைத்தேன். இனி நான் டைப் அடிக்க மாட்டேன், பைண்டிங் பார்க்கிறேன், டைப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்றேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கையில் இருந்தது அந்த ஒரு வேலைதான். அதுவும் போயிற்று என்று நினைத்தேன். நீ சாவியைப் பார்த்தாய். என் மச்சான் வீட்டுப் பால்காய்ப்புக்கு நான் இரண்டு நாள் போகவேண்டியிருக்கிறதே, போய்விட்டு வந்து பேசலாம் என்று மட்டும் சொன்னாய்.

திரும்பி வந்தேன். "ஒரு வாரம் பாரு. ஒரு வாரம் நீ தப்பில்லாம அடிச்சிட்டேன்னா கிங்ஸ் சர்க்கிள் ஓட்டல்ல ஒனக்கு என்ன வேணுமோ வாங்கித் தாரேன்" என்றாய். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தேன். முதல் நாள் ஒரு தப்பும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. வாரம் முழுக்க ழ-வுக்குப் பதில் ற ஒன்றுகூட விழவில்லை. என் பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மனசு வைத்தால் எந்தப் பழக்கத்தையும் மாற்றலாம் என்று உனக்கு அறிவுரை சொன்னேன். பீடி குடிப்பதை நீ இப்படித்தான் விட வேண்டும் என்றேன். ரவா தோசை, மெதுவடை, இரண்டு காப்பி. பரிமாறியவரிடம்கூட விஷயத்தைச் சொன்னேன். நீ ஒரு இட்லியை வைத்துக்கொண்டு, வாயைக் கையால் மூடியபடி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். பல்வலி என்றாய்.

அதற்குப் பிறகு மச்சான் வீட்டில் ஒரு முறை தமிழ் அடிக்க உட்கார்ந்தபோது பழையபடி மாறி விழுந்தது. உன்னிடம் வந்து, அவன் வாங்கி வைத்திருப்பது மட்டமான கீபோர்டு என்றேன். "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டினாய். நல்லா ஆட்டினாய்.

சரி, இன்றைக்கு வருகிறேன். லேப்டாப்பை நான் தள்ளிவிட்டதும் உன் மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு நம் மெசின் முன்னால் உட்கார்ந்தாள். உன்னை மாதிரியேதான் உட்காருகிறாள், ஒரு காலை மடித்து. வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டைப் போட்டாள். தப்பு என்று திரை சொன்னது. சரியானதைப் போட்டாள். கறுத்துத் திரும்பியது. "பாஸ்வேர்டு சரிதான் மாமா. உள்ள விடுது, உடனே வெளிய தள்ளுது. உள்ள ஏதோ ஒண்ணு இடிக்குது" என்றாள். எனக்கு உன் பேச்சுதான் ஞாபகம் வந்தது. எது தப்பு என்று நான் பதறும்போதெல்லாம், "மொதல்ல எது சரியா இருக்குன்னு பாருல" என்பாயே. அவளுக்கு நீ அதைச் சொல்லிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் வந்திருக்கும்.

மூன்று கீயைச் சேர்த்து அமுக்கினாள். படமெல்லாம் போய், வெறும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அங்கே என் பெயரும் பாஸ்வேர்டும் ஒழுங்காக வேலை செய்தன. டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், நிறைய இருந்தது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "வாப்பா பேர்ல உள்ள போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

இந்த மூன்று வருடத்தில் உன் பெயருக்குள் நான் போனதே இல்லை, மாப்ள. அழிக்கவும் இல்லை. தினமும் திரையில் என் பெயருக்கு மேலே உன் பெயர் வரும், நான் என்னுடையதை அமுக்கிவிட்டுப் போய்விடுவேன். போ என்றேன். உன் பாஸ்வேர்டு தெரியாததால் கறுப்புத் திரையிலிருந்தே அதை மாற்றிவிட்டு உள்ளே போனாள். சட்டென்று திறந்துகொண்டது. மாஹிம் கடலோரத்தில் அவள் சின்னப் பிள்ளையாக ஐஸ் குச்சியோடு நிற்கிற படம் திரை முழுக்க வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதிலேயே அடித்துவிடுங்கள் என்று எழுந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். நிக்காஹ் அழைப்பிதழ். நிமிர்ந்தால், ழ இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் ற. பத்து வருடமாக இதே கீபோர்டில் தப்பே இல்லாமல்தானே அடிக்கிறேன் என்று அவளிடம் புலம்பினேன். மூப்பு வந்துவிட்டது, கை போயிற்று என்று நினைத்தேன். அன்று சாவியை மேசையில் வைத்தபோது நினைத்ததும் இதேதான். தேடித் தேடி அடித்தேன், இரண்டு வரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மணி பதினொன்றரை. உன் மகளின் பத்திரிகையை என்னால் அடிக்க முடியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கீபோர்டு அதேதான் மாமா. ஆளும் அதே ஆள்தான். அப்ப வித்தியாசம் உங்க பேருக்குள்ளதான் இருக்கு" என்று என்னை எழுப்பிவிட்டு, மறுபடியும் கறுப்புத் திரைக்குப் போனாள். எனக்கென்று இருக்கிற கோப்புகளில் மெசின் தன் புகார்களை எழுதி வைக்கிற ஒன்று உண்டாம். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த அதன் கடைசி வரியைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏதோ ஒரு கீபோர்டைக் காணோம்னு சொல்லுது. பேரு வந்து… ஏழாம் நம்பர். அப்டி ஏதாச்சும் உண்டா மாமா?"

உட்கார்ந்துவிட்டேன். மாட்டுங்காவில் அப்படி ஒரு மெசின் இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ஏழாம் நம்பர் என்று ஒரு கீபோர்டு அமைப்பை யாரோ கையால் எழுதி, மெசினின் பொது இடத்தில் வைத்திருக்கிறார்கள். நான் நுழையும்போது மட்டும் அதை எடுத்து மாட்டு என்று என் கோப்பு ஒன்றில் ஒரு வரி. அப்கிரேடு வந்து பொது இடத்தைக் கூட்டிப் பெருக்கியதில் அந்த அமைப்பு போயிற்று. என் கோப்பில் இருந்த வரி மட்டும் மிச்சம். காலையில் அது ஏழாம் நம்பரைக் கூப்பிட்டிருக்கிறது, பதில் இல்லை, அங்கேயே எல்லாம் நின்று, என்னை வெளியே தள்ளியிருக்கிறது. அந்த வரிக்கு மேலே இன்னும் மூன்று வரி இருந்தது. கறுப்புத் திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழாக இருக்கும், இங்கே தெரியாது என்றாள். கீபோர்டைக் கூப்பிடுகிற வரியின் தலையில் மட்டும் ஒரு குறியைப் போட்டு அதைத் தூங்க வைத்தாள். என் பெயரில் நுழைந்தாள். ஒன்று, இரண்டு. என் மேசைத் திரை வந்தது, போகவில்லை.

அந்தக் கோப்பை இப்போது திறந்தாள். கட்டங்கள் இருந்த இடத்தில் தமிழ் இருந்தது. நான் கண்ணாடியைத் தேடினேன். "இருங்க, நான் படிக்கிறேன்" என்றாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். விரலைத் திரையில் வைத்து எழுத்துக் கூட்டி, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி படித்தாள்.

"இது ஏழாம் நம்பர் மெசினு. ழ, ற ரெண்டும் எடம் மாறித்தான் இருக்கும்.

யாரும் சரி பண்ணிராதீய. அவன் கைக்கு இதான் சரி.

அவங்கிட்ட சொல்லவும் வேண்டாம்."

கடைசி வரியை எனக்கு முன்னால் சத்தமாகப் படித்து முடித்த பிறகுதான் அவளுக்கு அர்த்தம் புரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அந்த ஓட்டலில் நீ மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

பல்வலியாடா உனக்கு? நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை, எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என்னைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும் நீ மெசினை என் பக்கம் திருப்பி வைத்தாய். அதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் சாவியை எடுத்திருக்க மாட்டேன். ரோஷக்காரன், உன் இரக்கம் எனக்கு வேண்டாம் என்று போயிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. நானே ஜெயித்ததாக வைத்து, என் அறிவுரையையும் கேட்டுக்கொண்டாய். இத்தனை வருடம் ஒரு நாள்கூடக் குத்திக் காட்டவில்லையே. நம் இரண்டு பேருக்கும் சண்டை வந்த நாட்களில்கூட.

ஏழாம் நம்பரின் பிரதி ஒன்றை என் கோப்புகளோடே நீ ஒளித்து வைத்திருந்தாய். உன் மகள் அதைக் கண்டுபிடித்து, பழைய இடத்தில் வைக்கப் போனாள். போனவள் நிறுத்தி, இரண்டே வரிதான், ழ-வையும் ற-வையும் சரியான இடத்துக்கு மாற்றி வைத்துவிடட்டுமா, எல்லாக் கீபோர்டிலும் அடிக்கப் பழகிக்கொள்ளலாமே என்று கேட்டாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே திரையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். "இல்ல, வாப்பா வேண்டாம்னு எழுதியிருக்காங்க" என்றாள். குறியை எடுத்துவிட்டு வரியை எழுப்பினாள்.

பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. உன் பெயருக்கு முன்னால், காலமானவர்களுக்குப் போடுவார்களே, அந்த மர்ஹூம் என்ற சொல்லை அடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் கை நின்றது. அதில் ழ-வும் இல்லை, ற-வும் இல்லை. அவள் என் தோளைத் தொட்டதும் அடித்தேன். அச்சகத்தில் கொடுத்து வாங்கி, உன் மச்சினனைத் தாதரில் வண்டி ஏற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஜன்னலோரம் மடியில் பத்திரிகைக் கட்டோடு போகிறார்.

மீந்த பத்திரிகை ஒன்று எனக்கு முன்னால் இருக்கிறது. பழக்கத்தில் முதலில் தலைப்பைத்தான் பார்த்தேன். சரியாக இருக்கிறது. என் கை இன்னும் தப்பாகத்தான் போகிறது, மாப்ள. போகிற இடத்தில் நீ எழுத்தை வைத்திருக்கிறாய்.